இரண்டாம் மாடி மொசைக் தரையை உடைக்கலாமா?

சென்னையின் மேற்குப் புறநகரிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

1991இல் கட்டிய அடுக்குமாடி. இவர் வீடு இரண்டாம் மாடியில், 860 சதுர அடி. ஹாலிலும் இரண்டு படுக்கையறைகளிலுமாக 600 சதுர அடிக்கு மொசைக் தரை. ஹாலின் நடுவில் தரை விண்டு, தட்டினால் உள்ளே காலி டப்பா மாதிரி சத்தம் வருகிறது. விரிசல் விளிம்பில் கால் தடுக்கி மாமியார் இரண்டு முறை விழப் பார்த்தாராம். அதனால் தரையை எடுத்துவிட்டு டைல்ஸ் போட முடிவு செய்திருக்கிறார்கள்.

வந்து பார்த்த முதல் மேஸ்திரி, "தரையை உடைக்கிற பெரிய பிரேக்கர் மெஷின் கொண்டாந்தா ரெண்டே நாள்ல தட்டிடலாம்" என்றிருக்கிறார். இரண்டாவது மேஸ்திரி, மொசைக்கை எடுத்ததும் கீழே இருக்கும் கான்கிரீட்டையும் அரை இஞ்ச் கொத்திவிட்டால்தான் புதுக் கலவை பிடிக்கும் என்கிறார். கணவருக்கோ மேஸ்திரியே வேண்டாம். மெஷினை நாள் வாடகைக்கு எடுத்து, சனி ஞாயிறில் மைத்துனரோடு சேர்ந்து முடித்துவிடலாம் என்று வீடியோக்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்படிப் பார்த்த ஓர் அமெரிக்க வீடியோவில் பழைய தரைக்கு அடியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்று சொன்னதில் கொஞ்சம் பயந்தும் போயிருக்கிறார். கீழ் வீட்டுப் பெரியவர், "என் சீலிங்குக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எழுதிக் கொடுங்க, இல்லேன்னா வேலையை ஆரம்பிக்க விடமாட்டேன்" என்கிறார். வீட்டில் ஆறு வயதுப் பையனுக்கு வீசிங் உண்டு. போகிற போக்கில் பால்கனி, பாத்ரூம் தரையையும் மாற்றிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் மெஷினைப் பற்றி நிறைய இருக்கிறது. அந்த மொசைக்குக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. உங்களைக் குறை சொல்லவில்லை. இரண்டு மேஸ்திரிகளும் அதைப் பார்க்காமலேயே விலை சொல்லியிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. எந்த மெஷின், எத்தனை நாள், யார் செய்வது, உடைக்கத்தான் வேண்டுமா என்று எல்லாக் கேள்விக்கும் பதில் தரையின் மேல்பரப்புக்கும் கான்கிரீட் தளத்துக்கும் நடுவில் உள்ள மூன்று இஞ்சுக்குள் இருக்கிறது.

முதலில் ஒரு சதுர அடி

ஹாலில் மிக மோசமாகச் சத்தம் வரும் இடத்தில் ஓரடிக்கு ஓரடி சதுரம் வரையுங்கள். கட்டிங் மெஷினால் நான்கு பக்கமும் மேலாக, ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாமல் கோடு போடச் சொல்லுங்கள். தண்ணீர் லேசாக ஊற்றிக்கொண்டு வெட்டினால் தூசி அடங்கும். ஆனால் ஈரத்தில் மின்சார மெஷின் ஓடுவதால், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம்) உள்ள லைனில் மட்டும் செய்ய வேண்டும். அதன்பின் மெஷினை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு பவுண்டு சுத்தியலும் உளியும் கொண்டு கையால் எடுக்க வேண்டும். எடுக்க எடுக்க ஸ்கேல் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் வீடு கட்டிய காலத்து வீடுகளில் நான் அதிகம் பார்ப்பது மூன்று விதம். மேலே ஓர் இஞ்ச் மொசைக், அதன் கீழ் இரண்டு இஞ்ச்போல வலுவில்லாத செங்கல் ஜல்லிக் கலவையோ மணல் கூடுதலான சிமெண்ட் கலவையோ, அதற்குக் கீழே ஆர்.சி.சி. (கம்பி கட்டிய கான்கிரீட்) தளம் என்பது முதல் விதம். இதில் உளி சுலபமாக இறங்கும், பழைய கலவை கையோடு வரும், பெரிய மெஷினுக்கு வேலையே இல்லை. இரண்டாவது, மொசைக்கைத் தளத்தின் மேலேயே மெல்லிய கலவையில் நேரடியாகப் போட்டிருப்பார்கள். இதில் மொசைக் எங்கே முடிகிறது, தளம் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்கவே முடியாது. உடைத்தால் தளத்தோடுதான் பெயரும். அப்படியிருந்தால் உடைக்கும் யோசனையை அங்கேயே கைவிடுங்கள். மூன்றாவது, அந்தக் கலவைக்குள் மின்சாரக் குழாயோ தண்ணீர்க் குழாயோ ஓடுவது. 30 வருடத்தில் யாராவது ஒருவர் சுவரை உடைக்கச் சோம்பல்பட்டுத் தரைக்குள் குழாயைக் கொண்டுபோயிருப்பார். குழி தோண்டும்போது அந்த அறை மின் இணைப்பை அணைத்து வைக்கச் சொல்வது இதற்காகத்தான். மெஷினுக்கு வேறு அறையிலிருந்து லைன் எடுத்துக்கொள்ளலாம்.

உளி நன்றாகக் கடினமான சாம்பல் நிறக் கான்கிரீட்டில் பட்டு 'கிண்'ணென்று சத்தம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். அதுதான் தளம். அங்கே ஈரம் தெரிகிறதா என்றும் பாருங்கள். வெயில் காலத்திலும் அடிக்கலவை நசநசவென்று இருந்தால் எங்கோ குழாய் கசிகிறது. அதைச் சரிசெய்யாமல் மேலே என்ன போட்டாலும் வீண்.

இதே மாதிரி படுக்கையறையில் ஒரு குழி. இரண்டுக்கும் சேர்த்து ஒரு கொத்தனாருக்கு அரை நாள் வேலை.

அந்த அரை இஞ்ச்

இரண்டாவது மேஸ்திரி சொன்னதை நான் முற்றிலும் மறுக்கிறேன். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பிடிப்புக்காகச் சொல்கிறார். ஆனால் கணக்கைப் பாருங்கள். வீட்டுத் தளங்கள் பெரும்பாலும் நாலு முதல் ஐந்து இஞ்ச் கனம். நாலரை இஞ்ச் தளத்தில் அரை இஞ்சைக் கொத்தி எடுத்தால் கனத்தில் ஒன்பதில் ஒரு பங்குதானே என்று தோன்றும். வளையாமல் நிற்கும் விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது என்பதால், அதில் கிட்டத்தட்ட 30 சதவீதம் போய்விடும். மேலே போடும் புதுக் கலவை அதை ஈடுகட்டும் என்று எந்தப் பொறியாளரும் நம்பிக் கணக்குப் போடமாட்டார்.

இன்னொன்று கம்பி. அறை நடுவில் கம்பி தளத்தின் அடிப்பக்கம் இருக்கும். சுவருக்கும் பீமுக்கும் பக்கத்தில் வரும்போது அது மேல்பக்கம் ஏறிவிடும். உங்கள் வீடு கட்டிய நாளில் நடப்பிலிருந்த இந்தியத் தரநிலைப்படி அதன் மேல் இருக்க வேண்டிய கான்கிரீட் மூடல் 15 மி.மீ. மேஸ்திரி கொத்தச் சொல்லும் அரை இஞ்ச் 12.5 மி.மீ. மிச்சம் எவ்வளவு என்று நீங்களே கழித்துக்கொள்ளுங்கள். அதிலும் பிரேக்கர் முனை ஸ்கேல் வைத்து நிற்கிற ஜாதியில்லை.

பிடிப்புக்குத் தளத்தைத் தோண்ட வேண்டியதில்லை. ஒட்டியிருக்கும் பழைய கலவையைக் கைஉளியால் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, தூசியைச் சுத்தமாக எடுத்து, தளத்தை ஈரப்படுத்தி, சிமெண்ட் பால் அடித்து அது காய்வதற்குள் கலவை போட்டால் போதும். சிமெண்ட் பாலில் லேடெக்ஸ் கலந்தால் இன்னும் நல்லது. மேல்தோலை இரண்டு மூன்று மி.மீ. அளவுக்குக் கையால் கொத்திவிடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. புதுத் தரை பிறகு பெயர்ந்து வந்தால், பத்தில் ஒன்பது இடத்தில் கீழே தூசிதான் படிந்திருக்கிறது.

எந்த மெஷின், எப்படி?

பிரேக்கர் என்று பொதுவாகச் சொன்னாலும் 5 கிலோ, 10 கிலோ, 16 கிலோ என்று வகை உண்டு. வித்தியாசம் எடையில் மட்டுமில்லை. 5 கிலோ வகை உளியின் ஒவ்வொரு தட்டுக்கும் சுமார் 8 ஜூல் சக்தி கொடுக்கும். 16 கிலோ வகை 40 ஜூலைத் தாண்டும். நாலு கிலோ சம்மட்டியை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் எவ்வளவோ அவ்வளவு, அதுவும் நிமிடத்துக்கு 1,300 தடவை போல. அது ரோடு உடைக்கவும், அஸ்திவாரம் உடைக்கவும் ஆன சாமான். நாலரை இஞ்ச் தளத்தின் மேல் அதை வைத்தால் மொசைக் உடையும், கூடவே கீழ் வீட்டு சீலிங் பூச்சும் பொரியும். முதல் மேஸ்திரி சொன்ன 'ரெண்டே நாள்' இப்படித்தான் வருகிறது. 5 கிலோ மெஷினோடு மூன்று நாள் நான்கு நாள் ஆகட்டும்.

செய்முறையும் முக்கியம். முதலில் கட்டிங் மெஷினால் மொசைக்கை மட்டும் ஒன்றரை அடிச் சதுரங்களாக மேலாக வெட்டிவிட வேண்டும். அப்போது ஒரு சதுரத்தின் அதிர்வு அடுத்ததற்கு அதிகம் போகாது. குழி போட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் அங்கே விளிம்பு கிடைக்கிறது. கூர் உளி வேண்டாம், பட்டை உளி. மெஷினைச் செங்குத்தாக நிறுத்தாமல் 30, 40 டிகிரிக்குச் சாய்த்து, மொசைக்கின் அடியில் நுழைத்துப் பெயர்க்க வேண்டும். மெஷின் தன் எடையிலேயே வேலை செய்யும். மேலே ஏறி அழுத்தினால் உளி சிக்கும், முதுகும் போகும். சுவரோரம் அரையடியை எப்போதும் கைஉளிக்கு விட்டுவிடுங்கள். கம்பி மேலே இருப்பது அங்கேதான், சுவர்ப் பூச்சு உதிர்வதும் அங்கேதான்.

மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை. வேலை செய்கிற இடங்களில் பிளக் இல்லாமல் ஒயர் முனையை நேராக சாக்கெட்டில் சொருகி, தீக்குச்சி வைத்து இறுக்கியிருப்பதை இன்றைக்கும் பார்க்கிறேன். அப்படி ஒரு ஆள் வந்தால் மெஷினோடு திருப்பி அனுப்பிவிடுங்கள். மூன்று பின் பிளக், 15 ஆம்ப்ஸ் பவர் பாயின்ட், நடுவில் ஒட்டுப் போடாத ஒயர் இருக்க வேண்டும். 1991 வயரிங்கில் ஆர்.சி.சி.பி. இருக்க வாய்ப்பு குறைவு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதல் நாளே மாட்டிவிடுங்கள். வேலை முடிந்த பிறகும் அது வீட்டுக்கு ஆகும்.

உங்கள் கணவருக்கு

செய்யவே கூடாது என்று சொல்லமாட்டேன். ஒரு கணக்கு மட்டும் காட்டுகிறேன். 600 சதுர அடி, மூன்று இஞ்ச் கனம் என்றால் 150 கன அடி. எடை ஏறக்குறைய 9 டன். 30 கிலோ மூட்டையாகக் கட்டினால் 300 மூட்டை, இரண்டு மாடி இறக்க வேண்டும். வீடியோவில் இந்தப் பகுதியைப் பாட்டுப் போட்டு வேகமாக ஓட்டிவிடுவார்கள்.

அதிர்வுக்கும் கணக்கு உண்டு. ஐரோப்பாவில் கையால் பிடிக்கும் மெஷின்களுக்கு அன்றாட அதிர்வு வரம்பு வைத்திருக்கிறார்கள். நடுத்தரப் பிரேக்கர் ஒன்று 10 மீட்டர்/வினாடி² அளவுக்கு அதிர்ந்தால், அந்த வரம்பின்படி ஒரு ஆள் ஒரு நாளில் அதைப் பிடிக்கலாம் என்பது இரண்டு மணி நேரம்தான். பழகாத கை அதற்கு முன்பே மரத்துவிடும். அதற்கு மேல் பிடிவாதமாக ஓட்டினால் மெஷின் கட்டுப்பாட்டை இழந்து தளத்தில் இறங்கும்.

ஆக, அவர் ஆசைக்கு அந்தச் சோதனைக் குழியைத் தோண்டட்டும். மேலாள் வேலையையும் அவரே எடுத்துக்கொள்ளட்டும். எந்த இடத்தில் நிறுத்துவது என்று பார்த்துச் சொல்ல வீட்டு ஆள் ஒருவர் கூடவே இருப்பது பெரிய உதவி. மெஷின் பிடிக்கப் பழகிய ஆள் வேண்டும். யார் பிடித்தாலும் லுங்கி, செருப்பு, கழுத்தில் துண்டு இதெல்லாம் கூடாது. முன்பக்கம் கெட்டியான ஷூ, கண்ணாடி, காதுக்கு மஃப் கட்டாயம். வருகிற தொழிலாளர்களிடம் கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறதா என்று மேஸ்திரியிடம் முன்கூட்டியே கேளுங்கள். நாளைக்கு ஒரு ஆள் கையை வெட்டிக்கொண்டால் யார் பார்ப்பது என்பதையும் ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். கேட்க சங்கடமாக இருக்கும், கேட்டுவிடுங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் பயத்தைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் சிக்கல் பழைய ஒன்பது இஞ்ச் வினைல் டைலிலும் அதை ஒட்டிய கருப்புப் பசையிலும்தான். உங்கள் வீட்டில் இருப்பது சிமெண்டும் சலவைக்கல் சில்லும். ஏதாவது ஓர் அறையில் கருப்புப் பசையில் ஒட்டிய பழைய பிளாஸ்டிக் டைல் இருந்தால் மட்டும், உடைக்காமல் பரிசோதனைக்கு ஒரு துண்டு கொடுத்துவிட்டு நில்லுங்கள். அவர் பயப்பட வேண்டியது வேறு தூசிக்கு.

தூசியும் பையனும்

கான்கிரீட்டிலும் மணலிலும் சிலிக்கா இருக்கிறது. உடைக்கும்போதும் வெட்டும்போதும் அது கண்ணுக்குத் தெரியாத பொடியாகி நுரையீரலின் அடிவரை போகும். வருடக்கணக்கில் சுவாசிப்பவர்களுக்கு வரும் சிலிக்கோசிஸ் நோய்க்கு இன்றுவரை மருந்து கிடையாது. அமெரிக்கத் தொழிலாளர் விதி, எட்டு மணி நேரத்துக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராமுக்கு மேல் இந்தப் பொடி கூடாது என்கிறது. ஒரு சிட்டிகை உப்பையும் ஆயிரக்கணக்கான பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. காய்ந்த தரையில் கட்டிங் மெஷின் ஓடும் மூடிய அறை இதைச் சில நிமிடங்களில் தாண்டிவிடும்.

மூக்கில் கர்ச்சீப் கட்டிக்கொண்டால் போதும் என்று உங்கள் கணவர் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். துணி பெரிய தூசியை நிறுத்தும். ஆளைக் கொல்லும் பொடி அதில் நுழைந்து போய்விடும். என்95 மாஸ்க், அதுவும் முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும். தாடி இருந்தால் ஒட்டாது. வேலை செய்கிற ஆட்களுக்கும் நீங்களே ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்துவிடுங்கள். பத்து நாள் சம்பளத்தோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே இல்லை.

மாஸ்க்குக்கு முன்பாகத் தண்ணீர். செடிக்கு மருந்து அடிக்கும் கை ஸ்பிரேயரில் தண்ணீர் நிரப்பி, உடைக்கும் இடத்தில் ஒருவர் பொடித் தூவலாக அடித்துக்கொண்டே இருக்கட்டும். வாளியில் ஊற்றாதீர்கள், கீழ் வீட்டில் ஒழுகும். துடைப்பத்தால் காய்ந்த தூசியைப் பெருக்கவே கூடாது. அடங்கின தூசியை மறுபடி எழுப்புகிற வேலை அது. வேலை நடக்கும் அறைக் கதவை பிளாஸ்டிக் ஷீட்டும் டேப்பும் போட்டு அடைத்து, ஜன்னலில் ஒரு விசிறியை வெளிப்பக்கம் தள்ளும்படி வையுங்கள். ஏ.சி. ஓடக் கூடாது.

இதெல்லாம் செய்தாலும் பையன் அந்த வீட்டில் இருக்கக் கூடாது. 'அந்த ரூமைப் பூட்டிக்கிட்டு இந்த ரூம்ல இருந்துக்கிறோம்' என்பது வீசிங் உள்ள குழந்தைக்கு நடக்காத காரியம். உடைக்கும் நாட்களுக்கும், ஈரத்துணியால் வீடு முழுக்கத் துடைத்து முடிக்கும் வரைக்கும், அவனும் பாட்டியும் உங்கள் அம்மா வீட்டிலோ வேறு உறவுக்காரர் வீட்டிலோ இருக்கட்டும். அவனைப் பார்க்கிற டாக்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

கீழ் வீட்டுப் பெரியவர்

உங்களுக்கு அவர் மேல் கோபம் இருப்பது கடிதத்தில் தெரிகிறது. எனக்கு அவர் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது. உங்கள் தரையை மாற்ற உங்களுக்கு உரிமை உண்டு. அவர் 'கூடாது' என்று சொன்னதாலேயே அது போய்விடாது. ஆனால் மொசைக்தான் உங்களுடையது. அதன் கீழே உள்ள தளம் உங்களுக்குத் தரை, அவருக்குக் கூரை. அதற்குச் சேதம் வந்தால் சரிசெய்து கொடுக்கும் பொறுப்பு உங்களுடையது. மேஸ்திரியைக் கைகாட்டித் தப்பிக்க முடியாது. சங்கத்துக்கு எழுத்தில் தெரிவித்து, அவர்கள் விதியில் வேலை நேரம் பற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒலி மாசு விதிகள் 2000இன்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் போடும் கட்டுமான மெஷினை ஓட்டக் கூடாது. அதற்காக இரவு 9 மணிக்கு ஓட்டலாம் என்று அர்த்தமில்லை. காலை 10 முதல் 1 வரை, பிறகு 3 முதல் 5 வரை என்று வைத்துக்கொண்டால் பெரியவரின் மதியத் தூக்கமும் கெடாது.

அவர் கேட்கிற கடிதத்தைக் கொடுங்கள். ஆனால் 'ஒன்றும் ஆகாது' என்று எழுதாதீர்கள். அதை யாராலும் சொல்ல முடியாது. 5 கிலோவுக்கு மேற்பட்ட மெஷின் பயன்படுத்தமாட்டோம், தளக் கான்கிரீட்டைத் தொடமாட்டோம், இந்த வேலையால் வரும் சேதத்தைச் சரிசெய்து தருவோம் என்று எழுதுங்கள். தொகை கேட்டால் மட்டும் வக்கீலிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அதோடு வேலைக்கு முன் அவர் வீட்டுக்குப் போய், அவரையும் வைத்துக்கொண்டு, சீலிங் முழுவதையும் தேதியோடு வீடியோ எடுங்கள். பழைய விரிசல் எது, புது விரிசல் எது என்ற சண்டைக்கு அதுதான் சாட்சி. நீளக் கம்பால் சீலிங் பூச்சை ஆங்காங்கே தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் வருகிற இடம், துருக் கறை, கம்பி போகும் வழியாக நேர்கோட்டில் விரிசல், பூச்சு உப்பியிருப்பது, இவற்றில் எது இருந்தாலும் அந்த இடத்துக்கு மேலே மெஷினே வேண்டாம். துரு அதிகமாக இருந்தால் வேலையை நிறுத்தி ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். வேலை நேரத்தில் பெரியவரும் அவர் மனைவியும் அந்த அறைக்கு நேர் கீழே உட்காரவோ படுக்கவோ கூடாது. ஒரு கைப்பிடிப் பூச்சு தலையில் விழுந்தாலே ஆபத்துதான்.

குப்பையை எங்கே வைப்பது?

தளம் உடைவது பிரேக்கரால் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உடைத்ததைக் குவிப்பதும் அதே அளவு ஆபத்து. வீட்டு அறைத் தளங்களை ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ பாரம் தாங்கும்படி கணக்குப் போட்டுக் கட்டுவார்கள். உடைத்த மொசைக்கை அறை நடுவில் முழங்கால் உயரத்துக்குக் குவித்தால் அதே சதுர மீட்டரில் 600 கிலோ வரை ஏறிவிடும். அதன் பக்கத்தில் பிரேக்கரும் அதிர்ந்துகொண்டிருந்தால்?

உடைக்க உடைக்க மூட்டை கட்டி, சுவரோரமாக ஒரே வரிசையில் வைத்து, அன்றைக்கே இறக்கிவிட வேண்டும். லிஃப்டில் ஏற்றினால் ஆறு பேர் லிஃப்டுக்கு 408 கிலோதான் எல்லை. சங்கத்தில் கேட்காமல் ஏற்றாதீர்கள். புதிதாக வரும் சிமெண்டுக்கும் டைல்ஸ் பெட்டிக்கும் இதே கதை. ஐந்து சிமெண்ட் மூட்டையை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாலே அந்த இடத்தில் சதுர மீட்டருக்கு 700 கிலோவைத் தாண்டும். கட்டடக் கழிவைத் தெருமுனையில் கொட்டுவது விதிமீறல். சென்னையில் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் அதை அரைத்து மறுபடி பயன்படுத்தும் மையங்கள் இருக்கின்றன. வண்டிக்காரர் எங்கே கொண்டுபோகிறார் என்று கேட்டு, மாநகராட்சி சொல்லும் இடத்தில் கொட்டச் சொல்லுங்கள்.

பால்கனி, பாத்ரூம்

இரண்டையும் இந்த வேலையோடு சேர்க்காதீர்கள். பால்கனி வெளியே நீட்டிக்கொண்டு நிற்பது. அதைத் தாங்கும் முக்கியக் கம்பி முழுக்க மேல்பக்கம், நீங்கள் உடைக்கப் போகும் தரைக்கு நேர் கீழே இருக்கிறது. 'கம்பி இடைஞ்சலா இருந்துச்சு' என்று ஆட்கள் அதைச் சுத்தமாக வெட்டியெடுத்த ஒரு பால்கனியை நான் போய்ப் பார்த்திருக்கிறேன். முனை தொங்க ஆரம்பித்திருந்தது. கீழிருந்து முட்டுக் கொடுத்துத்தான் நிறுத்தினோம். பால்கனியில் பிரேக்கரை வைக்கவே வேண்டாம். தரை கெட்டியாக இருந்தால் மேலேயே மெல்லிய டைல் ஒட்டிக்கொள்ளலாம்.

பாத்ரூம் தளம் தாழ்வாக இறக்கி, அந்தப் பள்ளத்தைச் செங்கல் ஜல்லியால் நிரப்பி, அதற்குள் குழாயும், தரைத் தண்ணீர் வெளியேறும் நஹானி ட்ராப்பும் போகிற அமைப்பு. அதைத் திறந்தால் குழாய் மாற்றி, நீர்க்கசிவுத் தடுப்புப் பூசி, இரண்டு நாள் தண்ணீர் கட்டிப் பார்த்து என்று அது தனி வேலை. அவசரமில்லை என்றால் அடுத்த வருடம்.

உடைக்காமலே முடியுமா?

நீங்கள் கேட்காத கேள்வி இது. தரை முழுவதையும் ஒரு கம்பால் அடிக்கு ஓரிடம் தட்டிப் பாருங்கள். பொள்ளல் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். ஹால் நடுவில் மட்டும்தான் வட்டங்கள் விழுகின்றன என்றால், அந்த 50, 60 சதுர அடியை மட்டும் எடுத்து, கலவை போட்டுச் சமன்செய்து, மற்ற இடங்களில் மொசைக்கின் பாலிஷைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, பழைய தரை மேல் ஒட்டுவதற்கென்று பையில் அச்சிட்டிருக்கும் பசையால் டைல் ஒட்டலாம். தரை அரை இஞ்சுக்குக் கொஞ்சம் கூடுதலாக உயரும், கதவுகளை அடியில் இழைக்க வேண்டிவரும், வாசற்படி உயர வித்தியாசம் மாமியாரின் காலில் தட்டாமல் சரிவு கொடுக்க வேண்டும். கூடுதல் பாரம் சதுர மீட்டருக்கு 30 கிலோபோல. தளம் நல்ல நிலையில் இருந்தால் தாங்கும். 9 டன்னுக்குப் பதில் ஒரு டன் குப்பை.

முழுவதும் எடுத்தே ஆக வேண்டும் என்று குழி சொன்னால், எடுத்த பிறகு இரண்டு விஷயம். தளத்தில் தெரியும் விரிசலையெல்லாம் படம் எடுத்து, எங்கே எந்தத் திசையில் என்று குறித்து வையுங்கள். அப்புறம் ஓரிரு நாள் உலரவிட்டு, ஒன்றரை அடி பிளாஸ்டிக் ஷீட்டைத் தளத்தில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் பிரித்துப் பாருங்கள். உள்பக்கம் முத்து முத்தாக நீர் கட்டியிருந்தால் இன்னும் காயவிட வேண்டும், இல்லையேல் கசிவைத் தேட வேண்டும். டியூப் லெவல் வைத்துச் சுவர்களில் மட்டக் கோடு போட்ட பிறகுதான் கலவை. புதுத் தரையின் மொத்தக் கனம் பழைய மூன்று இஞ்சைத் தாண்டக் கூடாது.

டைல் வாங்கும்போது பளபளக்கும் பாலிஷ் வகை வேண்டாம். இதெல்லாம் ஆரம்பித்ததே மாமியார் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக. கடையிலேயே ஒரு டைலைத் தரையில் போட்டு, தண்ணீர் தெளித்து, வெறுங்காலால் தேய்த்துப் பாருங்கள். கடைக்காரர் சிரிப்பார், பரவாயில்லை.

குழி தோண்டியதும் உள்ளே ஸ்கேலை நிறுத்தி, வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். கீழ் வீட்டு சீலிங்கில் அதே இடத்தின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். மேஸ்திரிக்கு அட்வான்ஸ் கொடுப்பதை அதுவரை தள்ளிப்போடுங்கள்.